அசையாத பிரிட்டோ

வெப்பம் தாங்குமா என்று பார்க்கச் சூடேற்றிய தொட்டியிலிருந்த சிப்பிகளெல்லாம் நலம் என்று கருவி பச்சை காட்டிக்கொண்டிருந்தது. சிப்பிகளோ வாயைப் பிளந்து செத்துக்கொண்டிருந்தன. தூத்துக்குடி சிப்பிப் பண்ணையின் ஆய்வுக்கூடத்தில் மெட்டில்டாவுக்கு மண்டை குடைந்தது.

வாடும் சிப்பியில் சில மரபணுக்கள் கூடுதலாக வேலைசெய்யும்; மாறாத ஒன்றோடு ஒப்பிட்டு அதை அளப்பதுதான் கருவி. மத்தியானம்தான் காரணம் பிடிபட்டது. எதற்கும் மாறாது என்று நம்பி அளவுகோலாக வைத்திருந்த மரபணுவின் வேகமே வெப்பத்தில் மற்றவற்றோடு சேர்ந்து ஏறியிருந்தது. கோலும் கூடவே வளர்ந்தால் எதுதான் உயரமாகத் தெரியும்? அதை மட்டும் நம்பாமல் நாலைந்து மரபணுக்களைச் சேர்த்து அளவுகோலாக வைத்ததும் சிவப்பு எரிந்தது.

வீட்டிலும் அப்படியொரு கருவி உண்டு. விரலை வைத்தால் மன அழுத்தத்தைச் சொல்லும். குடும்பத்தில் எதற்கும் அசையாத ஆளை அளவுகோலாக வைப்பது ஊர் வழக்கம். இவர்கள் வீட்டில் அது அவள் கணவன் பிரிட்டோ. படகைப் புயல் கொண்டுபோன அன்றும் மீன்குழம்பு கேட்டுச் சாப்பிட்டவன். அவனை வைத்துப் பார்த்தால் அவளுக்கும் மகள் ஜெனோவாவுக்கும் தினமும் பச்சைதான். அளவுகோலான அவனுக்கென்று விளக்கே கிடையாது.

அன்று சாயங்காலம் தெருக்காரர்கள் எல்லாரையும் விரல் வைக்கச் சொல்லி, அவர்களைச் சேர்த்து அளவுகோலாக்கினாள் மெட்டில்டா. அவளுக்கு மஞ்சள், மகளுக்கும் மஞ்சள். பிரிட்டோ விரல் வைத்தான். கருஞ்சிவப்பு.

"மெஷின் கெட்டுப்போச்சுட்டி" என்று சிரித்தான்.

"மெஷின் கெடக்கட்டும். உங்களுக்கு என்ன செய்யுது? அதச் சொல்லுங்க."

அந்த வீட்டில் யாரும் அவனிடம் அதைக் கேட்டதே இல்லை. பிரிட்டோ வாயைத் திறந்தான். திறந்த வாய், தொட்டியிலிருந்த சிப்பிபோல, மூடவே இல்லை.