உட்காரும் வேலை

கொத்தனார்கள் கூலிக்கு நிற்கும் முச்சந்தியில் ஒரு கார் வந்து நின்றது. "ஒரு ஆள் போதும். சும்மா உட்காரணும்" என்றார் காரில் வந்தவர்.

மழையால் பல நாளாக வேலையில்லாத இருதயராஜ் இரட்டைக் கூலி கேட்டான். அவர் பேரமே பேசவில்லை. அதுதான் உறுத்தியது.

"கிட்னிய எண்ணிப் பாத்துட்டு ஏறுண்ணே!" என்று சிரித்தான் பெயின்டர் காசிம்.

ஏறினான்.

பூட்டியிருந்த ஓர் அலுவலகத்தை அவர் திறந்தார். உள்ளே ஒரே ஒரு நாற்காலி. அதனடியில் சிமெண்ட் படிந்த ரப்பர் செருப்புகள்.

"இது யாரோடதுங்க?"

"முன்னாடி வந்த ஆளோடது. நேத்தே வேலை முடிஞ்சு போயிட்டார்."

"செருப்பு போடாமயா?"

அவர் கதவைச் சாத்தினார். "உட்காருங்க."

இருதயராஜ் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது.