மைனஸ் பதினேழரை மணி நேரம்

நேற்று இரவு பத்தரைக்குப் பஸ்ஸை எடுத்து, இன்று காலை ஐந்து மணிக்கு டிப்போவில் கொண்டுவந்து நிறுத்திய டிரைவர் மாசிலாமணி, மைனஸ் பதினேழரை மணி நேரம் ஓட்டியிருப்பதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. ஓட்டாதவருக்கு ஓய்வு எதற்கு? ஐந்தரை மணி வண்டிக்கும் அவர் பெயரையே போட்டுவிட்டது.

"அப்போ எனக்கு வயசு குறைஞ்சிருக்கணுமே. முடி கருக்கலையே" என்றார் மாசிலாமணி. கண்கள் சிவந்திருந்தன.

பூங்கோதைக்கு முகம் சுருங்கிப்போனது. மணியைக் கூட்டிக் கழிக்கும் அந்த நிரலை எழுதியவள் அவள்தான். டிப்போவின் டிரிப் ஷீட்டில் தேதி எழுதும் வழக்கமில்லை. அவளும் மணி மட்டும் போதும் என்று விட்டுவிட்டாள். நள்ளிரவைத் தாண்டும் பஸ்கள் நினைவுக்கே வரவில்லை.

"ஆளை மாத்துங்க சார்" என்றாள் டைம் கீப்பரிடம்.

"சிஸ்டம் மாத்தட்டும், நானும் மாத்துறேன்மா. கையால திருத்தினா என் சீட்டு கிழிஞ்சிடும்" என்றார் அவர்.

வண்டியில் ஆட்கள் ஏறிவிட்டார்கள். பூங்கோதை ஓடிப்போய் ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் பானட் மேல் லேப்டாப்பைத் திறந்தாள். முடிந்த மணி, தொடங்கிய மணியைவிடச் சிறியதென்றால் இருபத்து நான்கைக் கூட்டு. ஒரே வரிதான். திரையில் ஆறரை மணி நேரம் என்று வந்தது.

"அண்ணே, இங்க பாருங்க."

மாசிலாமணி ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துத் தூங்கியிருந்தார். படியில் நின்ற கண்டக்டர், உதடுவரை கொண்டுபோன விசிலை ஊதாமல் மெல்லக் கீழே இறக்கினார்.