கள்ள வழி

“உங்க மிஷின்ல இருந்து வெளியே ஒரு கள்ள வழி போகுதுங்க முதலாளி!”

கிருபாசங்கர் இப்படிச் சொன்னதும் திருமூர்த்திக்குத் தூக்கிவாரிப் போட்டது.

துடியலூரில் அவருக்கு ஒரு நூல் மில். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்று தொண்ணூற்றொன்பதில் ஊரே கிலி பிடித்து அலைந்ததல்லவா? அதைச் சரிபார்க்க வந்த இன்ஜினீயர்தான் கிருபாசங்கர்.

“கள்ள வழின்னா?”

“லினக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர்ல போட்டிருக்காங்க. வெளியே இருந்து யாரோ போன் வழியா உள்ளே வந்து ஈமெயில் கடுதாசி படிக்கிறாங்க, பதில் எழுதுறாங்க. எல்லாமே பூட்டுப் போட்டது. நம்மால ஒரு எழுத்துக்கூடப் படிக்க முடியாதுங்க.”

பிடித்தது சனி! அந்த மில்லில் எந்த ஈமெயில் வந்தாலும், கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஜபருல்லா அதை அச்செடுத்துக் காலை பத்து மணிக்கு முதலாளி மேஜையில் வைத்துவிட வேண்டும். யார் பேருக்கு வந்தாலும் முதலில் படிப்பவர் திருமூர்த்திதான். வீட்டுத் தபால்கூட மில்லுக்கு வந்து, அவர் பிரித்துப் பார்த்த பிறகே வீடு போய்ச் சேரும். அப்படிப்பட்டவருக்குத் தெரியாமல் பூட்டுப் போட்ட கடுதாசியா?

ஜபருல்லாவைக் கூப்பிட்டார்.

“நீ பண்ணின வேலையா இது?”

“ஆமாங்க முதலாளி. அந்த லினக்ஸ் பத்திரிகையோட சும்மா வந்த சிடிங்க. மில்லுக்கு ஒரு பைசா செலவில்லீங்க.”

“செலவை எவன் கேட்டான்? அந்தப் பக்கம் யாரு?”

ஜபருல்லா தலையைக் குனிந்துகொண்டான். “சொல்ல முடியாதுங்க. வாக்குக் குடுத்துபோட்டேன்.”

“போன வருஷம் குண்டு வெடிச்ச ஊருடா இது! கோட்டைமேட்டு முஸ்லிம் பையன் பூட்டுப் போட்டுக் கடுதாசி அனுப்பறான்னு போலீஸ்ல ஒரு வார்த்தை சொன்னா என்ன ஆகும் தெரியுமா?”

ஜபருல்லாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

“தெரியுமுங்க. ஆனா தப்பு எதுவும் பண்ணலீங்க. பாவப்பட்ட ஒருத்தருக்காகச் செஞ்சேன். அதுக்கு மேல கேக்காதீங்க.”

ஆறு வருஷமாக முகம் கோணாமல் வேலை பார்த்தவன். எத்தனை மிரட்டியும் வாயைத் திறக்கவில்லை.

“உன்ற அம்மா முகத்துக்காகப் போலீசுக்குப் போகாம உடறேன். இனி இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே!”

கிருபாசங்கரிடம், “அந்த லினக்ஸையே அழிச்சுப்போட்டு வேற ஏதாச்சும் போடு தம்பி,” என்றார். மில்லையே காப்பாற்றிவிட்ட திருப்தி அவருக்கு. போலீசில் சொல்லவில்லை பாருங்கள், எவ்வளவு பெரிய மனசு!

நாலு நாள் கழிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். மனைவி பூவாத்தாள் தட்டை வைத்தாளே தவிர, சோறு போட மறந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தது.

“ஏனுங்க... மில்லுல அந்த ஜபருல்லா தம்பிக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?”

“உனக்கெதுக்கு அவனைப் பத்தி?”

“என்னை வெட்டிப் போட்டாலும் சரிங்க, சொல்லிப்போடறேன். நம்ம மகுடேஸ்வரிக்கு அமெரிக்காவுல ஆபரேஷனுங்க.”

மகுடேஸ்வரி அவர்களுடைய ஒரே மகள். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்ட அன்றைக்கே திருமூர்த்தி அவளைத் தலைமுழுகிவிட்டார். மூன்று வருஷமாக அந்த வீட்டில் யாரும் அவள் பேரை எடுப்பதில்லை.

“உனக்கு யாரு சொன்னது?”

“அவதான் எழுதினாளுங்க. அவ உட்டுட்டுப் போன கம்ப்யூட்டர்ல இருந்து மில்லு மிஷினுக்கு அந்தத் தம்பிதான் வழி போட்டுக் குடுத்துச்சு. இங்கிலீஷ் எழுத்துல தமிழ் எழுதவும் பழக்கி உட்டுச்சு. உங்களுக்குத் தெரிஞ்சா அதையும் நிறுத்திப்போடுவீங்கன்னு, யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நாந்தான் அதுகிட்ட சத்தியம் வாங்கினேன்.”

திருமூர்த்தி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“வயித்துல கட்டியாமுங்க. புதன்கிழமை ஆபரேஷன். கண்ணு முழிச்ச ஒடனே எழுதறேம்மான்னா. வெசாழக்கிழமை மத்தியானத்துல இருந்து வழியே தெறக்க மாட்டேங்குது. புள்ள இருக்காளா இல்லையான்னுகூடத் தெரியலீங்களே!”

அவர் போனை எடுத்து மில்லைக் கூப்பிட்டார்.

“கிருபா... அந்த லினக்ஸ்ல இருந்த கடுதாசியெல்லாம்...”

“கவலையே படாதீங்க முதலாளி! நீங்க சொன்ன அன்னைக்கே சுத்தமா அழிச்சுப்போட்டேன். அப்பத்தான் புதுசா வந்தது ஒண்ணு, பிரிக்காமக்கூடக் கிடந்துச்சு. அதையும் உட்டு வைக்கலீங்க!”