உப்புத் தண்ணீர் உபசாரம்

“தண்ணி ஆறிடப் போவுது, சீக்கிரம் வா ஆஷா!”

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரும் சுத்தமான துணியுமாகச் சரோஜினி காத்திருந்தாள். மகள் வந்து உட்கார்ந்ததும், அவள் கழுத்துக்குக் கீழே தோலுக்குள் பதித்திருந்த ஒற்றைக் கல்லைப் பூப்போல ஒற்றியெடுத்தாள்.

சிறுசேரியில் முதல் சம்பளம் வாங்கிய கையோடு ஆஷா பதித்துக்கொண்டு வந்த கல் அது. அன்றைக்கு அம்மா போட்ட சத்தம் சேலையூர் முழுக்கக் கேட்டது.

“அன்னிக்கு அந்தக் குதி குதிச்சே. இப்ப இப்படித் தாங்குறியேம்மா!”

“பெத்த மனசுடி” என்றாள் சரோஜினி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பெத்த மனசுமில்லை, பிண்ணாக்குமில்லை. கிறிஸ்துமஸுக்குச் சொந்தபந்தம் வருவதற்குள் அந்தக் கல் விழுந்தாக வேண்டும். சபையில் பெண்கள் சங்கச் செயலாளர் அவள், “செயலாளர் பொண்ணைப் பாத்தீங்களா?” என்று ஒருத்தி வாயைத் திறந்தாலும் மானம் போய்விடும். கழற்றச் சொன்னால் ஆஷா கேட்கிற ரகமா?

அதனால் கல் பதித்த கடைக்கே ரகசியமாகப் போனாள் சரோஜினி.

“எங்கண்ணன் பொண்ணு தோல்ல கல்லு பதிச்சிருக்கா. என்ன பண்ணா விழுந்துடும்னு சொன்னீங்கன்னா ஜாக்கிரதையா இருப்பா” என்று அப்பாவியாகக் கேட்டாள்.

கடைக்காரப் பெண் கிறிஸ்டினா அவளை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தாள். “உப்புத் தண்ணி மட்டும் படவே கூடாது ஆன்ட்டி. கழுத்து லூசா டிரஸ் போட்டா போச்சு. மல்லாந்து படுத்தாலும் உடம்பு கல்லை வெளிய தள்ளிடும். மஞ்சளும் எண்ணெயும் தடவினா நல்லா பிடிச்சுக்கும்.”

உப்பு இரும்பையே அரிக்கும், இந்தக் கல் எம்மாத்திரம் என்று சரோஜினிக்கு ஒரே குஷி. அன்றே தாம்பரம் மார்க்கெட்டில் கழுத்து அகலமான குர்த்திகளை அள்ளினாள். மஞ்சள் டப்பா பரணுக்கு ஏறியது. சாம்பார் வெளுத்துப்போனது, கணவர் சுந்தர்சிங் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். தூக்கத்தில் மகள் ஒருக்களித்தால், எழுந்துபோய் மல்லாக்கப் புரட்டிவிட்டு வந்தாள்.

டிசம்பர் பிறந்தது. கல் விழுகிற வழியைக் காணோம். சுற்றியிருந்த சிவப்புகூட மறைந்து, ஜம்மென்று மின்னியது.

கடையில் காட்டிவிட்டு வந்த ஆஷா, அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

“சூப்பரா செட் ஆயிடுச்சாம்மா. இவ்ளோ நல்லா கவனிச்சு அவங்க பாத்ததே இல்லையாம்!”

சரோஜினிக்கு அழுகையே வந்துவிட்டது. “அதெப்படிடி? விழுறதுக்கு அந்தப் பொண்ணு சொன்னதை ஒண்ணு விடாம செஞ்சேனே!” என்று உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆஷா கண்ணைச் சிமிட்டினாள்.

“நீ அங்க போவேன்னு தெரியும்மா. தலைகீழா சொல்லச் சொன்னதே நான்தான்!”