மாஸ்டர் பக்கத்துப் பிரேக்

சிக்னலில் மஞ்சள் விழுந்ததுமே மாஸ்டரின் கால் தன் பக்கத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தது.

கார் கோட்டுக்கு முன்னால் அலுங்காமல் நின்றது.

“பாத்தியா? நான் மட்டும் மிதிக்கலேன்னா குறுக்க வர்ற பஸ்ஸுக்குள்ள போய்ச் சொருகியிருப்பே.”

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மனைவி வாயே திறக்கவில்லை. அதுதான் மாஸ்டருக்கு உதைத்தது. ஒன்றுக்குப் பத்து பேசுகிறவள், வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஊமை மாதிரி வருகிறாள்.

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். சொந்த மனைவிக்கு மட்டும் சொல்லித்தரவில்லை. ‘உனக்கெல்லாம் வராது’ என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அவளோ தன் தம்பியிடம் கற்றுக்கொண்டு, லைசென்ஸையும் வாங்கிவந்து நீட்டினாள். யாரைப் பிடித்து வாங்கினாளோ, அந்த லைசென்ஸ் மேலேயே அவருக்குச் சந்தேகம்.

இன்றைக்கு வேறு வழியில்லை. வலி அவரை ஓட்டவிடவில்லை.

கேட்கிறவர்களிடம் இடுப்பு வலி என்பார். இடுப்பாவது ஒன்றாவது! அடிவயிற்றுக்கும் கீழே, உட்கார்ந்தால் சீட்டில் பதிகிற இடத்தில், நாலு பேர் முன்னால் கை வைத்துக் காட்ட முடியாத இடத்தில் வலி. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், யாரோ உள்ளே ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி இருக்கும்.

நாள் முழுக்க உட்கார்ந்தே பிழைக்கிற மனுஷனுக்கு வந்து வாய்த்த நோயைப் பாருங்கள். இது தீராவிட்டால் தொழிலுக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். வேறு தொழில் அவருக்குத் தெரியாது. அந்தப் பயத்தை மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. ரத்தத்தில் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் இப்படி வலிக்குமா? டாக்டர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் அவர் நினைத்தார்.

கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் அனுப்பினார்கள். அவள் நிதானமாகக் கேட்டாள், அழுத்திப் பார்த்தாள், பிறகு சொன்னாள்.

“வலி நிஜம்தான் சார். ஆனா மனசு பதறும்போதெல்லாம் கீழ இருக்கற தசையை உங்களை அறியாம இறுக்கிப் பிடிக்கறீங்க. நாள் பூரா பிடிச்சா அது வலிக்காம என்ன செய்யும்?”

மனசாம்! சுற்றி வளைத்துப் பைத்தியக்காரன் என்கிறாள். இது கூடவா மாஸ்டருக்குப் புரியாது? அதைவிட எரிச்சல், பக்கத்தில் நின்ற மனைவி மெதுவாகத் தலையாட்டியது. இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டதையும் அவர் கவனிக்காமல் இல்லை.

இப்போது மறுபடியும் அங்கேதான் பயணம்.

பயிற்சிக் காரில்தான் வருவேன் என்று மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அதில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அது காலடியில் இருக்கிறவரை உயிருக்குப் பயமில்லை.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாலையைக் கடந்தார்கள். மாஸ்டர் மிதித்தார். கார் நின்றது.

ஒரு சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. மிதித்தார். கார் தணிந்து, வழிவிட்டு, மறுபடி நகர்ந்தது.

முன்னால் போன லாரியின் பின்விளக்கு சிவந்தது. மிதித்தார்.

ஒவ்வொரு தடவையும் பல் கடிபட்டது. மூச்சு நின்றது. கீழே வலி ஒரு சுற்று ஏறியது. எல்லாம் இவளால்தான். நிம்மதியாக உட்கார விட்டால்தானே வலி குறையும்!

ஆஸ்பத்திரியில் இரண்டு கார்களுக்கு நடுவே கொஞ்சம் இடம் இருந்தது. அவள் பின்புறமாக, ஒரே திருப்பில் உள்ளே விட்டு, சுவரை ஒட்டி நிறுத்தினாள். மாஸ்டர் அதற்கும் மிதித்தார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“திரும்பிப் போறப்போ டாக்சி பிடிச்சுக்கலாம். ரெண்டு உசிரையும் ஒத்தைக் கால்ல பிடிச்சுக்கிட்டு வர என்னால ஆகாது.”

அவள் இன்ஜினை அணைத்தாள். அவர் பக்கம் திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதையும் அவர் நம்பவில்லை.

“ஏங்க, உங்க பக்கத்துப் பிரேக்கோட கேபிளை நேத்தே மெக்கானிக்கை விட்டுக் கழட்டிட்டேன். வெறும் ஸ்பிரிங்தான் இருக்கு.”

மாஸ்டருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஆத்திரம் தலைக்கேறியது. பச்சைப் பொய்! இத்தனை வருஷம் பிரேக் மிதித்த காலுக்குத் தெரியாமல் போகுமா?

அவள் தன் பக்கத்துப் பிரேக்கை லேசாக அழுத்தினாள். கண்ணாடியில் பின்பக்கத்துச் சுவர் பிரேக் விளக்கில் சிவப்பாக ஒளிர்ந்தது. காலை எடுத்தாள், அணைந்தது.

மாஸ்டர் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். மிதித்தார்.

சுவர் வெள்ளையாகவே இருந்தது.

இன்னும் ஓங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு மிதித்தார்.

சுவரில் ஒன்றும் நடக்கவில்லை. அவருக்குக் கீழே மட்டும் சுருக்கென்று இறுகியது.