பீரங்கிமேட்டுத் தொலைநோக்கி

ஸ்டுட்கார்ட் பழம்பொருள் சந்தையில் அன்று என் முதல் வாடிக்கையாளர் ஒரு கிழவர். கடற்படை விமான எதிர்ப்புப் பிரிவின் பழைய தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தார். இரண்டாம் உலகப் போரின்போது பள்ளிப் பையனாக அதே பிரிவில் இருந்தவராம். விடுப்பில் வீட்டுக்குப் போன நாளில் கூட்டாளிகள் எல்லோரும் குண்டுவீச்சில் இறந்துபோனார்களாம்.

அவர் கண் கலங்கியது. விலையை ஏற்றலாம் என்று நினைத்தேன்.

தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். "என் கூட்டாளி ஹைன்ஸ் இன்னும் மவுத் ஆர்கன் வாசிக்கிறான். என் இடம் காலியாகவே இருக்கிறது," என்று சொல்லி அதைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டார்.

"முதல் ஆளை வெறுங்கையோடை அனுப்பாதேங்கோ, வியாபாரம் படுத்திடும்," என்றாள் மனைவி ஜெயமலர். விலைபோகாத மஞ்சள் கம்பளித் தொப்பியொன்றை அவர் தலையில் மாட்டி அனுப்பினேன்.

அடுத்த சந்தைக்கு அவர் வரவில்லை. தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தேன். கடல் தெரிந்தது. பீரங்கியைச் சுற்றிப் பையன்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மஞ்சள் தொப்பி போட்டிருந்தான். நான் எழுதிய விலைச்சீட்டு அவன் காதோரம் இன்னும் தொங்கியது.