கிரகணமும் மூக்குப்பேணியும்

தண்ணீர் குடிக்கும் மூக்குப்பேணி குசினியில், அடுப்படி நிலத்தில் உருண்டு கிடந்தது. அதற்குப் பக்கத்தில் தவமலர் சுருண்டு கிடந்தாள். வாயோரம் நுரை, நெற்றியெல்லாம் வியர்வை.

தகப்பன் பொன்னம்பலம் ஓடிவந்து மகளின் தலையை நிமிர்த்தினார். பேணியை எடுத்து மோந்து பார்த்தார். கார நெடி. எப்போதோ நன்றாகப் பழகிய வாசம்போல இருந்தது, ஆனால் அதையெல்லாம் யோசிக்கிற நிலையிலா அவர் இருந்தார்? நஞ்சு என்ற ஒரு சொல்தான் மனதில் நின்றது.

"என்ன பிள்ளை குடிச்சனீ? அப்பாவுக்குச் சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். பேச்சுக்குப் பதில் வாந்திதான் வந்தது.

எல்லாம் அந்தக் கலியாணப் பேச்சால் வந்த வினை என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். தாயில்லாப் பிள்ளையைக் காலாகாலத்தில் ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரே அவதி. கொட்டாஞ்சேனையில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் சர்வேயர் ஒருவரைத் தரகர் கொண்டுவந்தார். சாதகம் பொருந்தியது. இரு பக்கமும் படங்கள் கைமாறின.

ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய் என்பார்கள். பொன்னம்பலம் சொன்னது ஒரே ஒரு பொய்தான். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு, மாப்பிள்ளை வீட்டாருக்கும் அப்படி இருக்குமா? ஆகவே மகளின் படத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கித் தரும்படி ஸ்ரூடியோக்காரனிடம் சொல்லிவைத்தார். அவனும் வஞ்சகமில்லாமல் வெளுத்துக் கொடுத்தான்.

மாப்பிள்ளையின் படம் வந்தபோது தவமலர் அதை நெடுநேரம் பார்த்தாள். எழுந்துபோய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவும் இல்லை.

பிள்ளைக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று பொன்னம்பலத்துக்குப் பட்டது. இருந்தும், போகப் போகச் சரிவரும் என்று பேசாமல் இருந்துவிட்டார். மாப்பிள்ளையோ, கிரகணம் கழியட்டும், பெண் பார்க்க வியாழக்கிழமை வருகிறேன் என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். நல்ல ஆசாரமான பிள்ளை என்று பொன்னம்பலம் அதையும் மெச்சிக்கொண்டார்.

அந்தக் கிரகணம்தான் இப்போது குறுக்கே நின்றது. 1955ஆம் ஆண்டு, ஆனி மாதத்துத் திங்கட்கிழமை. விடிந்து சிறிது நேரத்திலேயே பொழுதுபட்டதுபோல் இருண்டு, வெள்ளவத்தைத் தெருவில் ஈ காக்கை இல்லை. பேணியை மடியில் செருகிக்கொண்டு, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் கதவு கதவாகத் தட்டினார். உள்ளே தேவாரம் பாடும் சத்தம் கேட்டது. ஒரு கதவும் திறக்கவில்லை.

கடைசி வீட்டுக் கிளின்ரன் மட்டும் வாசலில் நின்று, புகையில் கருக்கிய கண்ணாடித் துண்டால் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கிறிஸ்தவ வேதக்காரர், கிரகணம் அவருக்கு ஒரு வேடிக்கை. விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியை எறிந்துவிட்டுத் தன் பழைய காரைக் கிளப்பினார்.

பொன்னம்பலம் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வழிநெடுகப் புலம்பினார். "இந்தக் கலியாணம் வேண்டாம் பிள்ளை. நான் தரகருக்குச் சொல்லிப்போடுறன். நீ கண்ணை மட்டும் முழி."

அவள் தலையை ஆட்டினாள். அது ஓமோ இல்லையோ, அவருக்கு விளங்கவில்லை.

ஆஸ்பத்திரி விறாந்தையில் கால் வைக்க இடமில்லை. உட்காரும் வாங்குகளிலும் நிலத்திலுமாகப் பலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். டொக்டர் தவமலரின் நாடியைப் பார்த்தார், இமையை இழுத்துப் பார்த்தார். பொன்னம்பலம் நீட்டிய பேணியை வாங்கி மோந்தார்.

"பிள்ளை தப்புவாளோ டொக்டர்?"

"நஞ்சுமில்லை, ஒண்டுமில்லை ஐயா. வசம்பு," என்றார் டொக்டர். "கிரகண நேரத்தில வசம்பு அவிச்சுக் குடிச்சா வெள்ளையா வரலாமெண்டு ஆரோ கதை கட்டிவிட்டிருக்கிறாங்கள். விடிஞ்சதிலயிருந்து இதே கூத்துத்தான். பின்னேரம் வீட்ட கூட்டிக்கொண்டு போங்கோ."

வசம்பு! தவமலர் கைக்குழந்தையாக இருந்தபோது வீடெல்லாம் மணந்த வாசம். பொன்னம்பலத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

தவமலர் மெல்லக் கண்ணைத் திறந்தாள். "கலியாணத்தை நிப்பாட்டாதேங்கோ அப்பா. எனக்கு விருப்பம். அவர் படத்தில நல்ல வெள்ளை. என்னை நேர பார்த்தா வேண்டாமெண்டுவார்."

அந்தப் பேச்சு அவரை அறைந்தது. மகளை வெளுப்பாக்கப் பார்த்தவர் முதலில் அவர்தானே. வியாழக்கிழமை மாப்பிள்ளை வந்து பெண்ணைப் பார்த்த பிறகு என்ன நடக்கும்? இப்போதே உண்மையைச் சொல்லி அனுப்பினால் அந்த ஆள் வருவாரா? ஒன்றும் புரியாமல் விறாந்தைக்கு வந்தார்.

அங்கே வாங்கின் ஓரத்தில் ஒரு இளைஞன் வாளிக்குள் குனிந்திருந்தான். நல்ல அட்டக் கறுப்பு. துணைக்கு யாரும் இல்லை. பொன்னம்பலம் பேணியைக் கழுவித் தண்ணீர் கொண்டுவந்தார், அவன் குடித்து முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"ஆம்பிளைப் பிள்ளை, உமக்கேன் தம்பி இந்த வேலை?"

அவன் வெட்கத்தோடு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"வியாழக்கிழமை வெள்ளவத்தையில பொம்பிளை பார்க்கப் போறன் ஐயா. படத்தில அவ நல்ல வெள்ளை."